முதல் எலக்ட்ரிக் கிட்டார்: பட்ஜெட் மாடல்களில் எது தேறும்?

மலிவு விலை எலக்ட்ரிக் கிட்டார் என்றால் நெக் (கழுத்துப் பகுதி) முறுக்கியிருக்கும், அதன் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃபிரெட்டுகள் ஏற்ற இறக்கமாக இருக்கும் என்ற பயம் இன்றும் பலரிடம் இருக்கிறது. கணினிக் கட்டுப்பாட்டில் மரம் கடையும் இயந்திரங்கள் பரவிய பிறகு அந்தப் பயத்துக்குப் பெரிதாக வேலையில்லை. பெயருள்ள பிராண்டுகளின் ஆரம்பநிலை மாடல்களில்கூட உடலும் நெக்கும் ஒழுங்காகவே பொருந்தி வருகின்றன. இயந்திரத்தால் முழுதாகச் செய்ய முடியாத வேலைகளில்தான் இப்போது வித்தியாசம் தெரிகிறது. ஃபிரெட் முனைகளை மழுக்குவது, நெக்கின் மேல்முனையில் கம்பிகளைத் தாங்கும் சிறு துண்டான நட்டில் கம்பிக்கான பள்ளங்களைச் சரியான ஆழத்துக்கு அறுப்பது, கம்பி உயரத்தை ஒழுங்குசெய்வது எல்லாம் ஒருவர் உட்கார்ந்து நேரம் செலவழித்துச் செய்யவேண்டியவை. விலையைக் குறைக்கும்போது தொழிற்சாலை முதலில் கைவைப்பது அந்த நேரத்தில்தான். அதனால் ஒரே மாடலில் ஒரு கிட்டார் விரலுக்கு இதமாக இருக்கும், பக்கத்தில் தொங்கும் இன்னொன்று விரலைப் பதம் பார்க்கும்.

எனவே, எந்த மாடல் என்ற கேள்விக்குச் சமமானது, எந்த நிலையில் இருக்கும் கிட்டார் என்ற கேள்வி. இரண்டையும் சேர்த்தே இங்கே பார்க்கிறோம்.

முதலில் பணக் கணக்கு. கையில் உள்ள தொகை முழுவதையும் கிட்டாரில் போட்டுவிட்டு, மிச்சமிருப்பதற்கு ஏதோ ஒரு ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) வாங்குவது மிகப் பரவலான தவறு. எலக்ட்ரிக் கிட்டாரில் காதுக்கு வந்து சேரும் ஒலியில் பெரும்பங்கு ஆம்பும் அதன் ஸ்பீக்கரும் தருவதுதான். சுமாரான கிட்டாரும் நல்ல ஆம்பும் சேர்ந்தால் கேட்கும்படி இருக்கும். அதையே திருப்பிப் போட்டால் இருக்காது. பாதிக்குச் சற்று மேல் கிட்டாருக்கு, மூன்றில் ஒரு பங்கு ஆம்புக்கு, மீதி கேபிள், சுருதி பார்க்கும் ட்யூனர், ஒரு செட் புதுக் கம்பி, செட்டப் (கிட்டாரை வாசிப்புக்கு ஒழுங்குசெய்யும் வேலை) கூலி என்று பிரித்துக்கொள்வது நல்லது. கிட்டார், ஆம்ப், பை, கேபிள் எல்லாம் ஒரே பெட்டியில் வரும் ஸ்டார்ட்டர் பேக்குகளில் பெரும்பாலும் கிட்டார் தேறிவிடும், ஆம்ப் தேறாது. சின்ன ஸ்பீக்கர், காதைக் கிழிக்கும் டிஸ்டார்ஷன் (வேண்டுமென்றே சிதைத்த கரகர ஒலி), சில மாதங்களில் பிளக் அருகே அறுந்துபோகும் கேபிள் என்றுதான் அவை அமையும். அதே கிட்டார் தனியாகக் கிடைத்தால் தனியாகவே வாங்குங்கள்.

பிரிட்ஜ்: முதல் வடிகட்டி

நிறம், வடிவம், மரம் எல்லாவற்றுக்கும் முன்னால் பிரிட்ஜை, அதாவது உடலில் கம்பிகளைத் தாங்கும் பாகத்தைப் பாருங்கள். அசையாத பிரிட்ஜ் உள்ள கிட்டார்தான் முதல் கிட்டாருக்கு உகந்தது. காரணம் எளிது. ஒரு தண்டால் அசைத்துச் சுருதியை ஏற்றி இறக்கும் ட்ரெமோலோ பிரிட்ஜில் முன்பக்கம் ஆறு கம்பிகளின் இழுவிசையும் பின்பக்கம் ஸ்பிரிங்குகளின் இழுவிசையும் ஒன்றையொன்று சமன்செய்துகொண்டு நிற்கின்றன. ஒரு கம்பியின் சுருதியை மாற்றினால் மற்ற ஐந்தும் நகரும். கடைசியாக ட்யூன் செய்த கம்பி சரியாகும்போது முதலில் செய்தது விலகியிருக்கும். ஒரு கம்பி அறுந்தால் மீதி எல்லாமே சுருதி ஏறிவிடும். சுருதி பழகாத காதுக்கு இது பெரும் தொல்லை. வாசிப்பு தப்பா, கிட்டார் தப்பா என்றே தெரியாமல் போய்விடும்.

நட்டிலும் பிரிட்ஜிலும் கம்பியைப் பூட்டும் ஃபிளாய்ட் ரோஸ் வகை இன்னும் சிக்கலானது. நல்ல விலையில் வருவது அருமையான கருவி. மலிவுக் கிட்டாரில் வருவதைத் தவிர்த்துவிடுங்கள். பிரிட்ஜ் சாய்ந்து திரும்பும் கத்திமுனை போன்ற ஓரம் மட்டமான உலோகத்தில் சீக்கிரம் மழுங்கும். அதன்பின் பிரிட்ஜ் பழைய இடத்துக்கு அப்படியே திரும்பாது. கம்பி மாற்றவே ஆலன் கீயோடு உட்காரவேண்டியிருக்கும்.

பிடித்த கிட்டார் சாதாரண ட்ரெமோலோவோடுதான் வருகிறது என்றால் ஒரு வழி உண்டு. பின்பக்கத் தகட்டைக் கழற்றினால் ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் கொக்கியில் இரண்டு ஸ்க்ரூ தெரியும். இரண்டையும் மாறிமாறிச் சம அளவில் முறுக்கிக்கொண்டே போனால் பிரிட்ஜ் உடலின் மேல் படிந்து உட்கார்ந்துவிடும். மூன்று ஸ்பிரிங்கில் உட்காரவில்லை என்றால் இன்னும் இரண்டு சேர்த்து ஐந்தாக்குங்கள். இதன்பின் பிரிட்ஜ் அசையாத பிரிட்ஜைப் போலவே நடந்துகொள்ளும். தண்டை அழுத்திச் சுருதி இறக்கலாம், இழுத்து ஏற்ற முடியாது. இழப்பு அவ்வளவுதான்.

பிக்கப்

கம்பியின் அதிர்வை மின் சைகையாக மாற்றும் பாகம் பிக்கப். ஒரே சுருள் உள்ள சிங்கிள் காயில் பிக்கப்பின் ஒலி தெளிவாக, மணியோசை கலந்து இருக்கும். மின் இணைப்பின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் கூடவே பிடித்துக்கொள்ளும். ஹம்பக்கரில் இரண்டு காயில்கள் எதிரெதிராக இணைந்திருப்பதால் அந்த இரைச்சல் அடங்கும். ஒலி தடிமனாக இருக்கும், டிஸ்டார்ஷனுக்கு ஏற்றது. எந்த இசை பிடிக்கும் என்று தெளிவாகத் தெரியாதவருக்கு, பிரிட்ஜ் பக்கம் ஒரு ஹம்பக்கரும் மற்ற இரண்டு இடங்களில் சிங்கிள் காயிலும் உள்ள எச்எஸ்எஸ் அமைப்பு பாதுகாப்பான தேர்வு. கடுமையான மெட்டல் மட்டுமே வாசிக்கப்போகிறவர் இரண்டு ஹம்பக்கர் உள்ளதை எடுக்கலாம். விளம்பரத்தில் உடல் மரத்தைப் பற்றி நீளமாக எழுதியிருப்பார்கள். இந்த விலையில் பாப்லர், பாஸ்வுட், அகாதிஸ் என்பதில் மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்ள வேண்டாம். எடையைத் தூக்கிப் பாருங்கள், அது போதும்.

மாடல்கள்

பணம் கொஞ்சம் நீட்டிக்க முடிந்தால் எங்கள் முதல் பரிந்துரை யமஹா பசிஃபிகா 112வி. ஆல்டர் உடல், எச்எஸ்எஸ் அமைப்பு, 22 ஃபிரெட், அல்நிகோ காந்தப் பிக்கப்புகள். டோன் குமிழை வெளியே இழுத்தால் ஹம்பக்கரின் ஒரு காயில் மட்டும் வேலை செய்யும். அதாவது ஒரே கிட்டாரில் இரண்டு குணம். ஆனால் அதன் உண்மையான பலம் வேறு. ஃபிரெட் வேலையிலும் நட்டிலும் ஒன்றுக்கொன்று ஏற்ற இறக்கம் குறைவு, அதனால் கண்ணை மூடிக்கொண்டு இணையத்தில் வாங்க வேண்டிய நிலையில் இருப்பவருக்கு ஆபத்து குறைந்த தேர்வு. குறை என்றால், ட்ரெமோலோவோடுதான் வருகிறது. மேலே சொன்னபடி உட்காரவைத்துவிடலாம். நட்டின் அகலம் 41 மி.மீ. என்பதால் விரல் தடித்தவர்களுக்குத் திறந்த கார்டுகளில் (சில கம்பிகளை அழுத்தாமல் விடும் பிடிகளில்) பக்கத்துக் கம்பி தட்டுப்பட வாய்ப்புண்டு.

அதன் தம்பி பசிஃபிகா 012. தோற்றம் கிட்டத்தட்ட அதேதான்; பிக்கப் செராமிக் காந்தம், காயிலைப் பிரிக்கும் வசதி கிடையாது. கற்றுக்கொள்ளப் போதுமானது. இரண்டுக்கும் இடையிலான பணத்தால்தான் ஆம்ப் கைநழுவிப் போகிறது என்றால் 012-ஐ எடுத்துவிட்டு ஆம்பை வாங்குங்கள்.

அடுத்தது ஸ்குவையர். 1965-இல் ஃபெண்டர் விலைக்கு வாங்கிய கம்பி நிறுவனத்தின் பெயர் இது. 1982 முதல் ஃபெண்டரின் மலிவு விலைக் கிட்டார்கள் இந்தப் பெயரில் வருகின்றன. ஆரம்பநிலையில் சோனிக், அதற்கு மேல் அஃபினிட்டி, அதற்கும் மேல் கிளாசிக் வைப். சோனிக் வரிசையில் ஸ்ட்ராட்டோகாஸ்டர் எச்டி என்ற மாடலை நேராகப் போய்க் கேளுங்கள். எச்டி என்பது அசையாத பிரிட்ஜைக் குறிக்கிறது. சோனிக்கின் உடல் வழக்கமான ஸ்ட்ராட்டைவிட மெலிது, அதனால் எடை குறைவு, தோள்பட்டை வலிக்காது. 21 ஃபிரெட், நட் 42 மி.மீ. இங்கே கவனிக்கவேண்டியது ஃபிரெட் முனைகள். உள்ளங்கையை நெக்கின் ஓரமாக மேலும் கீழும் ஓடவிடுங்கள். ரம்பப்பல் போல இடறினால் வேறொன்றைக் கேளுங்கள். வறண்ட காற்றில் ஃபிரெட்போர்டு மரம் சுருங்கி உலோகம் வெளியே நீட்டிக்கொள்வதும் இப்படித்தான் தெரியும். ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் இருக்கும் அறையில் வைத்தால் அந்த வகை இடறல் குறையும்.

அஃபினிட்டியில் ட்யூனர்கள் (கம்பியை முறுக்கும் ஆணிகள்) மூடிய வகை, ட்ரெமோலோ இரண்டு புள்ளிகளில் நிற்பது; இரண்டுமே உருப்படியான முன்னேற்றம். சிறுவர்களுக்கும் கை சிறியவர்களுக்கும் சோனிக் மஸ்டாங் பொருந்தும். அதன் ஸ்கேல் நீளம், அதாவது நட்டிலிருந்து பிரிட்ஜ் வரையான கம்பியின் நீளம், 24 அங்குலம், ஸ்ட்ராட்டில் 25.5. அதே கம்பி, அதே சுருதி என்றால் இழுவிசை நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே மஸ்டாங்கில் சுமார் 11 சதவீதம் குறைந்த அழுத்தத்திலேயே விரல் வேலை முடிந்துவிடும். ஃபிரெட்டுகளும் நெருங்கி இருக்கும்.

எபிஃபோன் 1957 முதல் கிப்ஸன் வசம் உள்ள பிராண்ட். இதன் லெஸ் பால் வடிவ மாடல்களில் அசையாத பிரிட்ஜ், இரண்டு ஹம்பக்கர், 24.75 அங்குல ஸ்கேல். ஸ்ட்ராட்டோடு ஒப்பிட்டால் கம்பி 6 சதவீதம் அளவுக்குத் தளர்வு, பெண்டிங் (கம்பியை வளைத்துச் சுருதி ஏற்றுவது) சுலபம். மிகக் குறைந்த விலை மாடல்களில் நெக் போல்ட்டால் முடுக்கப்பட்டிருக்கும், விலை ஏற ஏற ஒட்டப்பட்டிருக்கும். கற்றுக்கொள்கிறவருக்கு இதில் பெரிய வித்தியாசமில்லை. கவலை வேறிடத்தில். நெக்கின் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் ஸ்டாண்டிலிருந்து சரிந்து விழுந்தால் நட்டுக்குப் பின்னால் கழுத்து உடையும் வாய்ப்பு இந்த வடிவத்தில் அதிகம். ஜி, டி கம்பிகள் நட்டைத் தாண்டியதும் பக்கவாட்டில் வளைந்து ட்யூனருக்குப் போவதால் பள்ளத்தில் சிக்கிச் சுருதி விலகுவதும் இதில் வழக்கம்.

மெட்டல் பக்கம் மனம் போகிறவருக்கு ஐபனேஸ் ஜியோ வரிசையில் ஜிஆர்ஜி131டிஎக்ஸ். 24 ஃபிரெட், மெல்லிய நெக், இரண்டு ஹம்பக்கர், அசையாத பிரிட்ஜ். வேகமாக வாசிக்கக் கை தானாகவே வழுக்கிப் போகும். டிஸ்டார்ஷன் இல்லாத ஒலியில் பிக்கப்புகள் கொஞ்சம் மங்கல்.

கார்ட்டையும் ஒதுக்கிவிட வேண்டாம். பல பெரிய பிராண்டுகளுக்குக் கிட்டார் செய்து கொடுக்கும் கொரிய நிறுவனம் இது. தன் பெயரில் விற்பவற்றில் பெயருக்கான கூடுதல் விலை குறைவு. கேள்விப்படாத பெயர்களில் மினுமினுக்கும் அலங்காரத்தோடு வரும் கிட்டார்களை மட்டும் தள்ளிவையுங்கள். அவற்றின் பாகங்கள் வழக்கமான அளவுகளில் இராது. ஒரு ட்யூனர் உடைந்தால் மாற்றுக் கிடைப்பதே பாடு.

கடையில் கையில் எடுத்ததும்

ஆரம்பநிலைக் கிட்டாரில் மிக அதிகமாகத் தவறிப்போகும் இடம் நட். பள்ளம் ஆழமாக அறுபட்டுவிட்டால் கம்பி ஃபிரெட்டில் தட்டி அந்த நட்டே வீணாகிவிடும் என்பதால், தொழிற்சாலை எப்போதும் கொஞ்சம் உயரமாகவே விட்டுவிடுகிறது. சோதிக்க ஒரு சாதாரண எழுதும் தாள் போதும். அதன் தடிமன் சுமார் 0.1 மி.மீ. கம்பியை மூன்றாவது ஃபிரெட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் ஃபிரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே தாளைச் செருகுங்கள். ஒரு தாள் உரசிக்கொண்டு நுழைந்தால் நல்ல நட். மூன்று தாள் தாராளமாகப் போனால் உயரம் அதிகம். அந்தக் கிட்டாரில் எஃப் பார் கார்டு (ஒரே விரலால் எல்லாக் கம்பிகளையும் அழுத்தும் பிடி) பிடிக்க மணிக்கட்டே வலிக்கும். திறந்த கம்பி சுருதி சுத்தமாக இருந்தாலும் முதல் ஃபிரெட்டில் வாசிக்கும் ஸ்வரம் கூடித் தெரியும். கை பழகாததால்தான் வலிக்கிறது என்று நினைத்துப் பலர் கிட்டாரையே மூலையில் வைத்துவிடுகிறார்கள். பள்ளத்தை அறுத்துச் சரிசெய்வது அனுபவமுள்ள டெக்னீஷியனுக்குச் சிறு வேலை. ஆனால் அதற்கென்றே உள்ள அரங்கள் இல்லாமல் வீட்டில் முயலவேண்டாம்.

அடுத்து நெக்கை ஹெட்ஸ்டாக் பக்கமிருந்து கண்ணால் நோட்டம் விடுங்கள். முறுக்கல் இருந்தால் வேண்டாம். நெக்குக்குள் இருக்கும் உலோகத் தண்டான ட்ரஸ் ராட் வளைவைத்தான் சரிசெய்யும், முறுக்கலை அல்ல. பிறகு ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃபிரெட்டாக வாசியுங்கள். ஒரே இடத்தில் மட்டும் ஒலி செத்துப்போனால் அதற்கு அடுத்த ஃபிரெட் எழும்பியிருக்கிறது. மெல்லிய முதல் கம்பியை 12 முதல் 15 ஃபிரெட்டுகளில் நன்றாக வளைத்துப் பாருங்கள். பாதியிலேயே சத்தம் அடங்கினால் நெக்கும் உடலும் சேருமிடத்தில் மேடு தட்டியிருக்கலாம்.

சுருதி நிற்கிறதா என்று பார்க்க: ட்யூன் செய்து, மூன்றாவது கம்பியை ஐந்தாறு முறை பலமாக வளைத்துவிட்டு மறுபடி சுருதி காட்டும் ட்யூனரைப் பாருங்கள். சுருதி இறங்கியிருந்தால், நட்டுக்கும் கம்பியை முறுக்கும் ட்யூனருக்கும் நடுவே கம்பியை விரலால் ஒருமுறை அழுத்திவிடுங்கள். உடனே பழைய சுருதிக்குத் திரும்பினால் கம்பி நட் பள்ளத்தில் சிக்குகிறது என்று அர்த்தம். பென்சில் கரியைப் பள்ளத்தில் தேய்த்தாலே பல நேரம் தீரும். திரும்பவில்லை என்றால் ட்யூனரில் சுற்றிய சுற்றுகள் தளர்ந்திருக்கின்றன. உண்மையிலேயே ட்யூனர் கெட்டிருப்பது இவ்விரண்டையும்விட அரிது.

ஆம்பில் மாட்டி ஒவ்வொரு குமிழையும் முழுக்கத் திருப்புங்கள், ஸ்விட்சை எல்லா நிலைக்கும் தள்ளுங்கள், கேபிளை ஜாக்கில் மெல்ல ஆட்டுங்கள். கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் கிரவுண்ட் சரி. தொட்டதும் கூடினால் உள்ளே ஒயர் மாற்றி இணைக்கப்பட்டிருக்கலாம். அந்தக் கிட்டாரைத் திருப்பிக் கொடுங்கள்.

செட்டப்: வரிசை முக்கியம்

எந்தப் புதுக் கிட்டாருக்கும் இது தேவை. ஆள் வைத்துச் செய்தாலும் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்திருப்பது நல்லது. முதலில் புதுக் கம்பி, தடிமன் 9-42 (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்). ஒவ்வொன்றையும் கையால் இழுத்துத் தளர்ச்சியை எடுத்துவிட்டு ட்யூன் செய்யுங்கள். அடுத்து நெக்கின் வளைவு. முதல் ஃபிரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு, ஆறாவது கம்பியைக் கடைசி ஃபிரெட்டில் அழுத்தினால் எட்டாவது ஃபிரெட் அருகே 0.25 மி.மீ. இடைவெளி இருக்கவேண்டும், அதே தாள் இரண்டு, மூன்று நுழையும். அதிகமிருந்தால் ட்ரஸ் ராடைக் கடிகாரத் திசையில் கால் சுற்று மட்டும் முறுக்குங்கள். மறுபடி ட்யூன் செய்து அளந்துவிட்டுத்தான் அடுத்த கால் சுற்று. பலத்தைக் காட்டித் திருப்பவேண்டியிருந்தால் நிறுத்திவிடுங்கள்.

அதன்பின் பிரிட்ஜில் கம்பி உட்காரும் சேடிலின் உயரம். 12-ஆவது ஃபிரெட்டில் தடித்த கம்பிக்குச் சுமார் 2 மி.மீ., மெல்லியதற்கு 1.5 மி.மீ. கடைசியாக இன்டோனேஷன், அதாவது நெக் நெடுகச் சுருதி சரியாக நிற்பது. 12-ஆவது ஃபிரெட்டில் ஹார்மானிக்கையும் (கம்பியை அழுத்தாமல் மெல்லத் தொட்டு மீட்டும் ஒலி) அழுத்தி வாசித்த ஸ்வரத்தையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய ஸ்வரம் கூடுதலாக இருந்தால் சேடிலைப் பின்னால் நகர்த்துங்கள், குறைந்தால் முன்னால். இந்த வரிசையை மாற்றிச் செய்தால் ஒன்றைச் சரிசெய்யும்போது முந்தையது கெடும். உயரத்தைக் கூட்டியும் கம்பி தொடர்ந்து தடதடத்தால் பிக்கப் உயரத்தைச் சந்தேகிக்கலாம். சிங்கிள் காயிலின் காந்தம் கம்பிக்கு மிக அருகில் இருந்தால் கம்பியை இழுத்துச் சுருதியை அலையவிடும். கடைசி ஃபிரெட்டில் அழுத்திய நிலையில் இரண்டு மி.மீ. இடைவெளி விடுங்கள்.

ஆம்ப்

வீட்டில் வாசிக்க 15 வாட் வால்வு ஆம்ப் தேவைக்கு மிக அதிகம். அதன் நல்ல ஒலி வரும் அளவுக்கு ஏற்றினால் வீடே அதிரும். 8 அங்குல ஸ்பீக்கரோடு வரும் பல ஆம்புகளின் ஒலியைப் போலச்செய்யும் டிஜிட்டல் மாடலிங் ஆம்புதான் இன்று பணத்துக்கேற்ற பொருள். ஃபெண்டர் மஸ்டாங் எல்டி25 இந்த வகையில் நல்ல உதாரணம். ஹெட்போன் துளை கட்டாயம் இருக்கவேண்டும்.

கிட்டாரை நேராக மியூசிக் சிஸ்டத்தில் மாட்டினால் ஆகாதா என்று பலர் கேட்கிறார்கள். ஆகாது. கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒலியை வெட்டிவிடும். அந்த வெட்டு இல்லாவிட்டால் டிஸ்டார்ஷன் வெறும் கீச்சொலியாகிவிடும். கணினி இருந்தால் ஆடியோ இன்டர்ஃபேஸ் (கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் கருவி) ஒன்று ஆம்புக்கு மாற்றாக அமையும். அதில் இன்ஸ்ட்ருமென்ட் உள்ளீடு இருக்கவேண்டும், அதாவது 1 மெகாஓம் அளவிலான இம்பிடன்ஸ். லைன் உள்ளீட்டில் மாட்டினால் ஒலி மந்தமாகிவிடும். நியூரல் ஆம்ப் மாடலர் போன்ற இலவச மென்பொருள்களே கற்பவருக்குத் தாராளம். ஹெட்போன் வயருள்ளதாக இருக்கட்டும். புளூடூத்தில் கை மீட்டியதற்கும் காது கேட்பதற்கும் இடையே தாமதம் விழும், தாளம் பழகவே முடியாது.

பழைய கிட்டார் வாங்கினால்

இதே பணத்துக்கு ஒரு படி மேலான கிட்டார் கிடைக்கும் வழி இதுதான், தெரிந்தவர் ஒருவரைக் கூட அழைத்துப் போனால். குமிழ் கரகரத்தால் பயப்படவேண்டாம், கான்டாக்ட் கிளீனர் தெளித்தால் பெரும்பாலும் சரியாகும். துரு பிடித்த கம்பியும் ஒரு பொருட்டல்ல. ஃபிரெட்டில் கம்பி உழுத பள்ளம் நகத்துக்குத் தட்டுப்பட்டால் ஃபிரெட் வேலைக்கான கூலியை விலையில் கழித்துக் கேளுங்கள். நட்டுக்குப் பின்னால் நெக்கில் மயிரிழை போன்ற விரிசல் இருக்கிறதா என்று டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். ட்ரஸ் ராடின் தலைக்குள் ஆலன் கீயைச் செருகி, விற்பவர் முன்னிலையிலேயே அவர் அனுமதியோடு கால் சுற்றுத் திருப்பிப் பாருங்கள். கீ வழுக்கினாலோ, எந்தப் பிடிப்பும் இல்லாமல் சுற்றினாலோ, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்தக் கிட்டாரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.